எண்பது பக்கங்களுக்கு ஓர் அடிப்பகுதி

கல்கத்தாவின் சால்ட் லேக்கில் மூன்றாவது மாடியில் இயங்கிய சின்ன கம்பெனி அது. வலைத்தளங்கள் செய்து கொடுப்போம். அங்கே நான் பழம் தின்று கொட்டை போட்டவன் என்ற நினைப்பு எனக்கு. என்னோடு வேலை பார்த்தவர் மூன்று மாதத் தற்காலிக வேலையில் புதிதாகச் சேர்ந்தவர். அதே ஊர் டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வங்காள மொழி சரளம், தமிழ் வீட்டோடு சரி.

ஒரு நர்சிங் ஹோமின் வலைத்தளத்தை முதலாளி எங்கள் இருவருக்கும் ஆளுக்கு நாற்பது பக்கமாகப் பிரித்துக் கொடுத்தார். நான் ஒரு பக்கத்தை எழுதி, அதையே நகலெடுத்து, நடுவில் உள்ளதை மட்டும் மாற்றி மளமளவென்று தள்ளினேன். அவரோ இரண்டு வாரமாகியும் ஒரு பக்கம்கூடக் காட்டவில்லை. எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான மேல்பகுதி, மெனு, அடிப்பகுதி மூன்றையும் தனித்தனிக் கோப்புகளாக வெட்டி வைத்துக்கொண்டு, அவற்றை ஒட்டி முழுப் பக்கமாக்கும் குட்டி நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்.

“என்ன, இன்னும் காய்தான் நறுக்கிட்டிருக்கீங்களா?” என்று சீண்டினேன்.

“நறுக்கி வெச்சுட்டா அப்புறம் ஈஸி, தாதா” என்று சிரித்தார். கல்கத்தா அலுவலகத்தில் மூத்தவனை அண்ணன் முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவரை நிரந்தரமாக்கலாமா என்று முதலாளி என்னைத் தனியாகக் கேட்டார். வேலை நகரவே மாட்டேனென்கிறது என்று போட்டுக்கொடுத்தேன். மாதக் கடைசியில் அனுப்பிவிடுவதென்று முடிவாயிற்று. அது அவருக்குத் தெரியாது. அடுத்த இரண்டே நாளில் தன் நாற்பது பக்கங்களையும் முடித்துவிட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதமே தொலைபேசித் துறை ஊரிலுள்ள எண்களுக்கெல்லாம் முன்னால் இரண்டு என்ற இலக்கத்தைச் சேர்த்தது. எங்கள் பக்கங்கள் அத்தனையின் அடியிலும் நர்சிங் ஹோமின் எண் இருந்தது. அன்றைக்கே மாற்றியாக வேண்டும் என்றார்கள். அவர் அடிப்பகுதிக் கோப்பைத் திறந்தார், ஒரே ஓர் இரண்டைத் தட்டினார், நிரலை ஓட்டினார். நாற்பது பக்கங்களும் மாறிவிட்டன. அவருடைய மண் குவளையில் தேநீர் இன்னும் ஆறவில்லை.

நான் தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். நடுவில் லோட்ஷெடிங். மின்சாரம் வந்ததும் எது மாறியது, எது மாறவில்லை என்று பார்க்காமல் அவசரத்தில் மறுபடியும் கொடுத்தேன். பாதிப் பக்கங்களில் அந்த இலக்கம் இருமுறை வந்து நின்றது. நோயாளி வீட்டார் யாராவது அந்த எண்ணைச் சுழற்றினால்? ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கையால் திருத்த ஆரம்பித்தேன்.

“குடுங்க தாதா, நான் பார்க்கிறேன்.”

என் பக்கங்களின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துத் தன் துண்டுகளோடு சேர்த்தார். மாலைக்குள் எண்பது பக்கங்களும் ஒழுங்காயின. ஒரு குத்தல் பேச்சு இல்லை. அசந்துபோனேன். நான் பக்கத்தை முடிப்பதையே யோசித்தேன். அவர் அது நாளைக்கு மாறும் என்பதை முதல் நாளே யோசித்திருக்கிறார். அந்தப் புத்தி எனக்கு ஏன் வரவில்லை என்று வெட்கமாக இருந்தது.

நேரே முதலாளியிடம் போய், நான் சொன்னது தப்பு என்றேன்.

“அப்படியானால் மெதுவாக வேலை செய்வது யார்?” என்று கேட்டார்.

“நான்தான்.”

அந்தப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமாயிற்று. மறுநாள் சந்தேஷ் என்ற வங்காள இனிப்பு டப்பாவோடு என் மேஜைக்கு வந்தார்.

“எனக்காக நீங்கதான் சார்கிட்ட பேசினீங்களாமே. ரொம்ப தேங்க்ஸ், தாதா.”

முதல் தடவை பேசியதையும் சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் ஒரு சந்தேஷை என் கையில் வைத்தார். தின்றுவிட்டேன்.