தேங்காய் நின்ற கை

பேச்சித்தாயைப் பார்க்க வேண்டுமென்றால் மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்தால் போதும். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் மேசையில், ஜன்னல் ஓரமாக, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள். ஒல்லிக்குச்சியாகப் பதினேழு வயதுப் பெண். இவளைத் தேடித்தான் குண்டடத்திலிருந்தும் வெள்ளகோவிலிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். கூடவே இருந்த நானே பாதிதான் நம்புகிறேன்.

என் பெயர் நூர்ஜான். அதே கம்பெனியில் செக்கிங். பனியனில் ஓட்டை தேடித் தேடி, எதைப் பார்த்தாலும் ஓட்டை தேடுகிற புத்தி வந்துவிட்டது. என் வீட்டுக்காரரைக் கேட்டால், அது கல்யாணத்துக்கு முன்பே இருந்தது என்பார்.

பேச்சித்தாயும் அவள் அம்மாவும் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அம்மா வேறு கம்பெனியில் தையல். மகள் பத்தாவது முடித்ததும் எங்களிடம் வந்துவிட்டாள். வந்த புதிதில் மோனிஷாவும் மற்றப் பெண்களும் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "என்னக்கா சொல்லுதீக?" என்று அவள் வாயைத் திறந்தால் போதும், மேசை முழுக்க அதையே இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டும். மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குழம்பு மாற்றிக்கொள்ளும்போது, அவள் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் தனியாகச் சாப்பிடுவாள். நான் கூப்பிட்டால் வருவாள். வந்ததும் பேச்சு நின்றுவிடும். கொஞ்ச நாளில் நான் கூப்பிட்டாலும் வருவதில்லை.

முதலாளி தமிழ்செல்வனுக்குக் குண்டடத்தில் வெள்ளாமைக் காடு இருக்கிறது. அவர்கள் குலசாமிக்குக் கிடா வெட்டியபோது கம்பெனி ஆட்களை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்குத் தனியாக முட்டைக் குழம்பு வைத்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. அன்றைக்கே காட்டில் தண்ணீருக்குப் போர் போட இடம் பார்க்க ஒருவரையும் வரச் சொல்லியிருந்தார். இந்தப் பக்கத்தில் அது வழக்கம். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார்கள். அடியில் தண்ணீர் ஓடும் இடம் வந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும் என்பார்கள். ஓ பாசிட்டிவ் ரத்தமாக இருந்தால்தான் நிற்கும் என்று ஒருவர் சொல்வார். அதெல்லாம் இல்லை, கைவாக்கு என்று இன்னொருவர் சொல்வார்.

வந்த மனிதர் விளையாட்டாகத் தேங்காயை எங்கள் பெண்கள் கையிலும் கொடுத்தார். என் கையில் கிடந்தது கிடந்தபடியே கிடந்தது. மோனிஷா கையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. பேச்சித்தாய் கையில் வைத்ததும், நான்கு எட்டு நடந்தாள், தேங்காய் எழுந்து நின்றுவிட்டது. அவள் பயந்துபோய் "ஐயோ அக்கா!" என்று என்னைப் பார்த்தாள். தமிழ்செல்வன் அந்த இடத்திலேயே கல் வைத்துவிட்டார். மறுவாரம் அங்கே போர் போட்டு, தண்ணீர் தென்னைமர உயரத்துக்கு அடித்ததாம். குண்டடம் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள் சொன்னார்கள். தென்னைமர உயரம் என்பதில் ஓட்டை இருக்கலாம். தண்ணீர் வந்தது நிஜம்.

அதற்கப்புறம் அவளை யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் பெரிய கொடுமை. புது மிஷின் வந்தால் முதலில் அவள் தொட வேண்டும். சரக்கு ஏற்றும் லாரிக்கு அவள் கையால் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். முன்பு சிரித்தவர்கள் இப்போது "வாங்க, போங்க" என்று பேசினார்கள். கேலி செய்தவளாவது பக்கத்தில் நின்றுதான் கேலி செய்வாள். பயந்தவள் பக்கத்திலேயே வரமாட்டாள். அட்டைப்பெட்டிக்குப் பின்னால் அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து சோறு பிசைவது மட்டும் மாறவில்லை.

முதலாளியின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவளைக் கூட்டிப் போனார்கள். சில இடங்களில் தண்ணீர் வந்தது. வராத இடத்தில் 'ஆழம் பத்தவில்லை' என்று போர் வண்டிக்காரன் தலையில் பழியைப் போட்டார்கள். அவளுக்கோ ஒவ்வொரு முறையும் காய்ச்சல் வராத குறைதான். "ஒரு நாளைக்கு ஒண்ணுமே வராமப் போகும்க்கா. அன்னைக்கு என்னை என்ன சொல்லுவாக?" என்று என்னிடம் கேட்டாள்.

அப்படித்தான் கந்தப்பன் காட்டுக்கும் போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் அம்மாவுக்கு ஷிப்மென்ட் வேலை இருந்ததால் துணைக்கு நான். முதலாளியின் தூரத்துச் சொந்தம் கந்தப்பன். அவர் மனைவி பழனாயி. காட்டுக்குள் கால் வைத்ததுமே எனக்கு மனசு சரியில்லை. எங்கே பார்த்தாலும் சாக்குக் கட்டி மூடிய குழாய் வாய்கள். எல்லாம் தண்ணீர் வராத போர்கள். அன்றைக்கும் விட்டபாடில்லை. போர் வண்டி ரோட்டோரம் வந்து நிற்கிறது. இந்தப் பக்கம் ஒரு டெம்போ. அதில் அவர்களுடைய இரண்டு கறவை மாடுகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதை விற்றுத்தான் இந்தப் போர். அந்த வீட்டில் மிச்சமிருந்ததே அந்த மாடுகள்தான்.

"நீ இடத்த மட்டும் காட்டு சாமி, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று கந்தப்பன் பேச்சித்தாயைக் கும்பிட்டார். ஐம்பத்தைந்து வயது மனிதர். அவள் கூசிப்போய்ப் பின்னால் நகர்ந்தாள்.

அவர் போர் வண்டிக்காரரிடம் பேசப் போய்விட்டார். நான் வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். பேச்சித்தாய் தேங்காயோடு நடந்தாள். பழனாயி சொம்பில் தண்ணீரோடு கூடவே போனாள். மேற்கு வேலி ஓரத்தில் பேச்சித்தாய் ஒரு நிமிடம் நின்றதை நான் பார்த்தேன். பிறகு திரும்பி டெம்போவைப் பார்த்தாள். ஒரு மாடு ஏறமாட்டேன் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. அவள் மறுபடி நடந்து, காட்டை முழுசாகச் சுற்றி வந்து கந்தப்பன் முன்னால் நின்றாள்.

"இந்தக் காட்டுல தண்ணி இல்லைங்க" என்றாள்.

"நல்லாப் பாத்தியா கண்ணு?"

"பாத்தேன். எங்கயுமே இல்ல. போர் போடாதீங்க."

அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, போர் வண்டியைப் போகச் சொல்லிவிட்டார். மாடுகளை இறக்கினார்கள். பழனாயி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டுத்தறிக்குப் போனாள்.

திரும்பி வரும்போது காரில் என் கையைப் பிடித்துக்கொண்டாள் பேச்சித்தாய். "மேற்கு ஓரத்துல தேங்கா நின்னுச்சுக்கா" என்றாள் காதோடு.

"அப்புறம் ஏன்டி இல்லைன்னு சொன்னே?"

"மாட்ட ஏத்திக்கிட்டு இருந்தாகளே. நின்னும் தண்ணி வரலைன்னா?"

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். நல்ல காரியம்தான் செய்தாள் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த மாதமே பழனாயி எங்கள் கம்பெனி வேனில் வந்து இறங்கினாள். வெள்ளாமை இல்லாத காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டுக்காரர் மாட்டைப் பார்த்துக்கொள்ள, இவள் பிசிறு வெட்ட வந்துவிட்டாள். முதல் நாள் மதியம் வட்டத்தில் மோனிஷா இடம் போட்டும், அங்கே போகாமல் நேராக அட்டைப்பெட்டிக்குப் பின்னால் போய் பேச்சித்தாய்க்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தூக்குப்போசியைத் திறந்து டம்ளரில் மோரை ஊற்றினாள். "குடி கண்ணு, ஊட்டு மாட்டு மோரு."

தினமும் இப்படித்தான். அவளோடு சாப்பிட ஒரு ஆள் வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். நானும் என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விட்டேன். பேச்சித்தாய் சிரிக்கக்கூட ஆரம்பித்தாள்.

தை மாதத்தில் ஒரு நாள், வேனில் வந்த பெண்கள் சேதி கொண்டுவந்தார்கள். கந்தப்பன் காட்டுக்கு மேற்கே, வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் காட்டுக்காரர் போர் போட்டிருக்கிறார். வேலியை ஒட்டித்தான். தண்ணீர் பொத்துக்கொண்டு வந்துவிட்டதாம்.

அன்றைக்குக் காலையிலிருந்து பேச்சித்தாயின் கத்தரி நகரவே இல்லை. மதியம் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு வாய் வைக்கவில்லை. பழனாயி வழக்கம்போல மோரை ஊற்றியதும் பேச்சித்தாய் உடைந்துவிட்டாள்.

"எனக்கு ஊத்தாதீங்க. நான் பொய் சொல்லிட்டேன். அன்னைக்கு அந்த ஓரத்துல தேங்கா நின்னுச்சு. நான்தான் இல்லைன்னேன். உங்க காட்டக் கெடுத்ததே நான்தான்."

வட்டத்திலிருந்து மோனிஷா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பழனாயி இந்தப் பிள்ளையை என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

பழனாயி தூக்குப்போசியை மூடினாள். அவசரமே படவில்லை.

"தெரியுங் கண்ணு. சொம்போட பக்கத்துலதானே நின்னேன்? நானும் பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லோணும்? ஒவ்வொரு போருக்கும் ஒண்ணொண்ணாப் போச்சு. என்ற தாலிக்கொடி போச்சு, தென்னந்தோப்பு போச்சு, புள்ள படிப்புக்கு வெச்சிருந்ததும் போச்சு. வேண்டாம்னு நானும் எத்தனையோ நாள் அழுது பாத்துட்டேன். 'உனக்கென்ன தெரியும்'னு ஒரே பேச்சு. நீ இல்லைன்னு ஒத்தச் சொல்லு சொன்ன, வண்டியத் திருப்பி அனுப்பிட்டாரு. அன்னைக்கு ராத்திரிதான் நான் கண்ணசந்தேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் சொன்னால் ஏறாத காது, ஒரு தேங்காய் சொன்னதாக நினைத்துக்கொண்டால் ஏறுகிறது. அந்தக் கந்தப்பனை மட்டும் சொல்லி என்ன பண்ண? எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

பேச்சித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா தண்ணி இருந்துச்சே" என்றாள்.

"இருந்துட்டுப் போகுது" என்றாள் பழனாயி. "மாடும் இருக்குதல்ல? குடி."

பேச்சித்தாய் டம்ளரை இரண்டு கையாலும் தூக்கி, மோரைக் குடித்தாள்.