சுழிப் பதிவேட்டில் ஓர் அடித்தல்

மேல்வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. இது ஊரறிந்த விஷயம். உலகத்தையும் அதிலுள்ள நம்மையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பிசைந்து செய்தவர்கள்தான். கடலைச் செய்து முடித்த அன்று, மற்றவர் போட்டிருக்க மாட்டார் என்று நினைத்து இருவருமே உப்பைப் போட்டுவிட்டார்கள். யார் மேல் தப்பு என்று ஆரம்பித்த பேச்சு தடித்து, ஆளுக்கொரு அறையாகப் பிரிந்துபோனார்கள். அதிலிருந்து அம்மா செய்யும் பிள்ளைகள் தனி, அப்பா செய்யும் பிள்ளைகள் தனி. பிள்ளையைச் செய்து முடித்ததும் தலையில் விரலை வைத்து ஒரு திருகு. அம்மா இடப்பக்கம் திருகுவாள், அப்பா வலப்பக்கம். அந்த விரல் தடம்தான் சுழி. ஆயுள் முடிந்ததும் இடஞ்சுழிக்காரர் அம்மாவின் அறைக்கும் வலஞ்சுழிக்காரர் அப்பாவின் அறைக்கும் போய்ச் சேர வேண்டும்.

வயதானபின் முடி கொட்டிவிட்டால் சுழியை எங்கே தேடுவது? அதற்காகத்தான் சுழிப் பதிவு அலுவலகம். பிறந்த பத்தாம் நாள் குழந்தையைக் கொண்டுவந்து காட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். போகிறவர் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அதில் எழுதியிருப்பதுதான் மேலே செல்லுபடியாகும்.

அந்த அலுவலகத்தின் இரண்டாவது ஜன்னலில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவைத் தெருப் பிள்ளைகள் 'இடம்வலம்' என்று கூப்பிடுவார்கள். இருபத்தொன்பது வருடம் நான்கு மாதத்தில் அவர் பார்த்த தலைகள் பதினாலாயிரத்து முந்நூற்று ஆறு. கையை வெந்நீரில் கழுவி, துடைத்து, வலது காதோரம் தொடங்கி இடது காதுவரை முடியை விரலால் விலக்கிக்கொண்டே போவார். முதல் சுழியைப் பார்த்ததும் நிறுத்தக் கூடாது என்பது விதி. தலை முழுவதும் பார்த்த பிறகுதான் வாயால் சொல்வார். சொன்ன பிறகுதான் எழுதுவார். அவர் கையெழுத்தில் ஓர் அடித்தல் கிடையாது. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். அதுவரை அப்படியே ஓட்டிவிடலாம் என்றிருந்தார்.

அவர் இடஞ்சுழி. மனைவி வலஞ்சுழி. அந்த அம்மாள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுப்பவர். சின்னச் சண்டை வந்தாலும், "மேல போனதும் நீங்க உங்கம்மா வீட்டுக்கு, நான் எங்கப்பா வீட்டுக்கு. அங்கயாவது நிம்மதியா இருப்பேன்" என்பார். குமாஸ்தா பதிலுக்கு, "போயேன். எனக்கு என் பொண்ணு இருக்கா" என்பார். ஒரே மகள். பதிவேடு பதினொன்று, பக்கம் எண்பத்தேழு, வரிசை நான்கு: இடஞ்சுழி. அவரே பார்த்து, அவரே எழுதியது. மனைவியைப் பிரிந்துதான் மேலே இருக்க வேண்டும் என்பதை அவர் பல்லைக் கடித்து ஏற்றுக்கொண்டதே, மகள் தன் பக்கம் இருப்பாள் என்ற தைரியத்தில்தான்.

மகளுக்கு இருபத்தைந்து வயதானபோது கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. உலைக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை என்பதால் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஒரு விடுமுறை நாள் மத்தியானம், ஜன்னலோரம் முக்காலியில் அவளை உட்கார வைத்து அம்மாவே கத்தரிக்கோலை எடுத்தார். பாதி வெட்டியவர் நிறுத்திவிட்டார்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க. இவ தலையப் பாருங்க."

"ஏன், பேனா?"

"பேன்னா நானே பாத்துக்க மாட்டேனா? இது உங்க உத்தியோகம்."

வலது காதுக்கு மேலே நான்கு விரற்கடை தள்ளி, அழுத்தமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு வலஞ்சுழி இருந்தது.

"இருபத்தஞ்சு வருஷமா 'என் பொண்ணு, என் பொண்ணு'ன்னு பீத்திக்கிட்டீங்களே. இப்ப என்ன சொல்றீங்க? எங்கப்பா வீட்டுப் பொண்ணுங்க இவ!"

குமாஸ்தா உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வலது காதோரம் தொடங்கினார்.

"அப்பா, கூசுது."

"அசையாத பாப்பா."

வலஞ்சுழியைத் தாண்டி விரல் நகர்ந்தது. உச்சியைக் கடந்து இடப்பக்கம் இறங்கும் இடத்தில், அவர் அன்று பார்த்த அதே இடஞ்சுழி அப்படியே இருந்தது.

"ரெண்டும் இருக்கு" என்றார்.

மேல்வீட்டில் எப்போதாவது கோபம் தணிந்த நாளில் இருவர் விரலும் ஒரே தலையில் பட்டுவிடுவதுண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இரண்டு அறையிலும் இடம் உண்டு, ஓய்வுதான் கிடையாது. 'போய் உங்கப்பாகிட்ட சொல்லு' என்று அம்மா அனுப்புவாள். 'உங்கம்மாவையே கேட்டுட்டு வா' என்று அப்பா திருப்பி அனுப்புவார்.

"போச்சுடா!" என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இங்க உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போறது பத்தாதுன்னு மேலயும் எனக்கு அதே வேலையா?"

அம்மாவும் மகளும் சிரித்தார்கள். குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலக ஜன்னலில் மனைவி குழந்தையை ஏந்தி நின்ற அந்தக் காலை அவருக்கு நினைவில் இருந்தது. அன்று கை தானாக இடது காதோரம் தொடங்கியது. தன் பக்கத்துச் சுழியைக் கண்டதும், "இடம்!" என்று கத்திவிட்டார். அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

அவர் முகத்தைப் பார்த்து மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"விடுங்க. யாருக்குத் தெரியப்போவுது? இன்னும் எட்டு மாசம். ஒரு அடித்தல் இல்லாம முடிக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருப்பீங்க. முடி வளந்தா மூடிக்கும்."

விட்டுவிட்டால் மகள் முழுசாக அவருக்கு. பாதி மகளை இழப்பது, விடச் சொல்கிற இவள்தான். அது தெரிந்தேதான் சொல்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. "நீ மீதியை வெட்டு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்குப் பதினொன்றாம் பதிவேட்டை எடுத்து எண்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்தார். அளவுகோலை வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். மேலே 'இருசுழி' என்று எழுதிக் கையெழுத்துக்காக அதிகாரியிடம் கொண்டுபோனார். அதிகாரி அவரைவிடப் பதினைந்து வயது இளைய பெண்.

"என்ன சார் இது, உங்க கையெழுத்துல அடித்தலா? மழைதான் கொட்டப்போவுது."

"ஆமா மேடம். தப்பு நடந்துபோச்சு."

"காரணம் எழுதணுமே. 'வெளிச்சம் போதவில்லை'ன்னு போட்டுடுங்க. எல்லாரும் அதத்தான் போடுறாங்க."

"அன்னிக்கு வெளிச்சம் நல்லாத்தான் இருந்துச்சு மேடம்."

காரணம் என்ற கட்டத்தில் அவர் எழுதினார்: 'பார்த்தவர் தகப்பன். பாதியில் நிறுத்திவிட்டார்.'

அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

சாயங்காலம் புதுச் சீட்டோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி சீட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மிஷின் இழுப்பறையில் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, இப்பவே பேசி வெச்சுக்குவோம்" என்றார். "மேல போனதும் இவ திங்கள், செவ்வாய், புதன் எங்கிட்ட."

"அப்ப வியாழன், வெள்ளி, சனி எனக்கு" என்றார் குமாஸ்தா.

"ஞாயித்துக்கிழம?"

"ஞாயித்துக்கிழம எனக்கு லீவு" என்றாள் மகள், சாப்பிட்டுக்கொண்டே. "அன்னிக்கு ரெண்டு பேரும் நீங்களே கதவத் தட்டிப் பேசிக்குங்க."