சல்லடையில் வைத்த மஞ்சள்

நான் வேலை பார்க்கும் மசாலா கம்பெனி, நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரே ஒரு மாவு மிஷினோடு தொடங்கியது. குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். ஒரு வீட்டு சாம்பார் பொடி அடுத்த வீட்டுக்கு ஆகாது. முதலாளி யாரையும் குறை சொல்லாமல் எல்லாவற்றையும் அரைத்துக் கொடுத்தார். எது அதிகம் வந்ததோ அதைப் பாக்கெட்டில் போட்டு விற்றார். வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்யும் பழக்கம் வந்ததும், வடலூர் ரோட்டில் ஷெட் போட்டு, சமையல் சோடா, பேக்கிங் பவுடர், கஸ்டர்ட் பவுடர் என்று இறங்கினார். கம்பெனியின் வரலாறு இவ்வளவுதான். மீதியை ஆண்டு விழாவில் அவரே நீட்டி முழக்குவார்.

சோடா, பவுடர் தயாரிக்கும் இந்த பேக்கிங் பிரிவு என் பொறுப்பு. மசாலா பிரிவுக்காரர்கள் எங்கள் பக்கம் வரக் கூடாது. அவர்கள் துணியெல்லாம் மஞ்சளும் மிளகாயுமாக இருக்கும். மிளகாய் அரைவையில் ஒருத்திக்கு இருமல் நிற்கவேயில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருபவள். நான்தான் முதலாளியிடம் பேசி, அவளை சோடா சலிக்க என் பக்கம் மாற்றினேன். ஒரே மாதத்தில் இருமல் அடங்கியது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தோம். சல்லடை மிஷினின் வெளிப்பக்கம் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள் ஒட்டவில்லை. உள் விளிம்பில் வைத்தேன். பூஜைக்கு வைத்த பொட்டை எங்கள் ஷெட்டில் யாரும் துடைக்க மாட்டார்கள். லீவு முடிந்ததும் அப்படியே ஓட்டினோம்.

காய்ந்த மஞ்சள் உதிர்ந்து சோடாவில் கலந்துவிட்டது. ஈரத்தில் சோடா பட்டால் மஞ்சள் சிவக்கும். எங்களிடம் சோடா வாங்கும் பேக்கரிக்காரர்கள் பிஸ்கட்டைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார்கள். அம்மை போட்டது போலச் சிவப்புப் புள்ளிகள்.

முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து விசாரித்தார். மசாலாவிலிருந்து வந்தவளின் சேலையிலிருந்துதான் மஞ்சள் விழுந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மறுநாள் அவள் மிளகாய் அரைவைக்கே திரும்பிப் போனாள்.

பொங்கலுக்குள் இருமல் மறுபடி வந்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் வரை கேட்கும். கேட்கும்போதெல்லாம் என் மேல் எனக்கே வெறுப்பு வந்தது. ஒரு நாள் முதலாளி அறைக்குப் போய், மஞ்சள் வைத்தது நான்தான், அவளை மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்மா. அன்னிக்கே சல்லடையப் பார்த்துட்டேன். உன்னை அனுப்பிட்டா சோடா அளவு யார் பார்க்கிறது? பேக்கரிக்காரங்களுக்கு ஒரு ஆளைக் காட்ட வேண்டியிருந்துச்சு."

அவள் இடத்தில் வேறு ஆள் போட்டாயிற்று, இனி மாற்ற முடியாது என்றும் சொன்னார்.

நேராக அரைவைக்குப் போய் அவளிடமும் சொன்னேன். அவள் மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கினாள்.

"தெரியும்க்கா. நீங்க மஞ்ச வெக்கறப்ப நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."