சிரிக்கிற முகத்தைத் தொட்டவர்கள்

மண்டபத்தை விட்டு வெளியேறி சிங்கவரம் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். ஆறு வயது மகள் வெண்ணிலா என் தோளில் இருந்தாள். பின்னால் மனைவி அமுதா வந்தாள். சற்று முன் மேடையில் தனக்குப் போர்த்திய பொன்னாடையை மகளின் மொட்டைத் தலைக்கு மேல் குடைபோலப் பிடித்துக்கொண்டு வந்தாள். சாலையைக் கடக்க ஒரு காலை இறக்கி வைத்தேன், வண்டிகள் நிற்கும் என்று காத்திருந்தேன். நான் வேலை பார்க்கிற ஓமானில் அப்படித்தான். சோஹார் நகரத்தில் நாம் ஒரு காலைத் தார்ச்சாலையில் வைத்தால் பெரிய பெரிய கார்கள் நின்று வழிவிடும். மற்ற நேரத்தில் நம்மை மனிதராக மதிக்காதவர்களும் அந்த ஒரு நொடி மதிப்பார்கள். செஞ்சியில் டவுன் பஸ் என் முட்டியை உரசிக்கொண்டு போனது. அமுதா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "இது உங்க ஓமான் இல்ல மாமா. இங்க நாமதான் ஒதுங்கணும்" என்றாள்.

ஷேர் ஆட்டோ இருந்தும் நடந்ததற்குக் காரணம் உண்டு. வெண்ணிலாவுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து ஏறுகிற காலத்தில் அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது, யாரோ தும்மினால்கூட அவளுக்குக் காய்ச்சல் வரலாம், அவளைக் கூட்டத்தில் விடக்கூடாது என்று பாண்டிச்சேரியில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் குழந்தையை நாற்காலி நெருக்கிப் போட்ட கல்யாண மண்டபத்துக்கு, பிரியாணி வாசனைக்கும் ஊதுபத்திப் புகைக்கும் நடுவே, வரச் சொன்னவர்கள் இந்த நோய்க் குழந்தைகளுக்காகவே நடக்கிற ஒரு தொண்டு அமைப்புக்காரர்கள். மேடைக்குப் பின்னால் பேனரில் மொட்டைத் தலைக் குழந்தைகளின் படங்கள். அதில் என் மகளும் இருந்தாள். எங்களை யாரும் கேட்கவில்லை. 

சோஹார் கேம்ப்பில் இன்னும் இருக்கிற உங்களுக்காகவும், ஊரில் இருந்துகொண்டு 'அவனுக்கென்ன, வெளிநாடு' என்று பேசுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். திருப்பூர், பெங்களூரு, புனே என்று அலைந்து, எந்த வேலையிலும் நிலைக்காமல், கடைசியில் ஓமானில் பைப் சுமந்தவன். மகளுக்கு நோய் என்று போன் வந்தபோது ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வர முடியவில்லை. அமுதாதான் பாண்டிச்சேரி வார்டில் மாதக்கணக்கில் தரையில் படுத்துக் கிடந்தாள். நான் லீவில் வந்து இறங்கியபோது அவள் பாதி ஆளாக இருந்தாள். குழந்தை என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தது. 'போன்ல வர்ற நைனா' என்று பிறகு சொன்னது.

வார்டில் இருந்தபோது அந்த அமைப்பிலிருந்து ஒரு பெண் வந்து, பெற்றோரின் நம்பிக்கையை அளந்திருக்கிறாள். குழந்தைக்கு வாந்தி வந்தால் சமாளிப்பீர்களா, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுப்பீர்களா, உங்கள் கவலையை நீங்களே அடக்கிக்கொள்வீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பதிலுக்கு ஓர் அட்டையில் ஐந்து முகங்கள். முதல் முகம் அழும், ஐந்தாவது முகம் சிரிக்கும். அதில் ஒன்றைத் தொட வேண்டும். அமுதா எல்லாக் கேள்விக்கும் சிரிக்கிற முகத்தையே தொட்டிருக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மேல்சித்தாமூர்க்கார அம்மா முன்னாலேயே அவளிடம் சொல்லிவிட்டாளாம்: "கம்மியா தொட்டுடாத பாப்பா. இவளால பாத்துக்க முடியாதுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் புள்ளய வீட்டுக்கே வுட மாட்டாங்க." வார்டில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் நம்பினார்கள். அதோடு, கேள்வி கேட்டபோது வெண்ணிலா அவள் மடியில் உட்கார்ந்து அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பெற்ற பிள்ளை மடியில் இருக்கும்போது எந்தத் தாய் 'என்னால் முடியாது' என்று சொல்வாள்?

இது எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும். நம் கேம்ப் மெஸ் வாசலில் பட்டன் வைத்த பெட்டி ஒன்று இருந்ததே, பச்சைச் சிரிப்பும் சிவப்பு அழுகையும் போட்டு? சோற்றில் வண்டு நெளிந்த நாளிலும் நாம் வரிசையாகப் பச்சையைத்தானே அமுக்கினோம். ஒரு முறை வங்காளி ஷஃபீக் சிவப்பை அமுக்கினான். மறுநாள் சூப்பர்வைசர் வந்து யார் அமுக்கியது என்று விசாரித்ததும், ஷஃபீக் பாலைவன சைட்டுக்கு மாற்றப்பட்டதும் நினைவிருக்கும். காய்ச்சலோடு வேலைக்குப் போன அன்று ஓமானி அதிகாரி என் முகத்தைப் பார்த்து 'தமாம்?' என்று கேட்டார். எல்லாம் நலமா என்று அர்த்தம். 'தமாம்' என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிப் போனார். நல்ல மனிதர்தான். உண்மையிலேயே நலம் என்று நம்பியிருப்பார். கேட்கிறவன் கையில் நம் கழுத்து இருக்கும்போது நாம் சொல்கிற பதிலை ஒரு கணக்கு என்று எடுத்துப்போய் எங்கோ கூட்டிப் பார்க்கிறார்கள்.

அமுதா தொட்ட சிரித்த முகங்களால் வந்தது இதுதான். அதுவரை, மருந்துக்கு இடையே குழந்தை வீட்டில் இருக்கும் நாட்களில், வாரம் ஒரு முறை அந்த அமைப்பின் நர்ஸ் ஸ்கூட்டரில் சிங்கவரத்துக்கு வந்து, வீட்டிலேயே ரத்தம் எடுத்து, மருந்து ஏற்றும் குழாயைச் சுத்தம் செய்து, வாயில் புண் இருக்கிறதா என்று பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா வீட்டிலேயே இருக்கலாமா என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த அட்டைக்குப் பிறகு திடீரென்று வருவது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனைக்கு அமுதாதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, திண்டிவனம் வழியாக இரண்டு பஸ் மாறி, நிற்க இடமில்லாத கூட்டத்தில் பாண்டிச்சேரி போய்வந்தாள். ஒரு மதியம் குழந்தைக்கு உடம்பு கொதித்தபோது பஸ்ஸில் ஒரு பெண் தன் பிள்ளையை வெடுக்கென்று இழுத்து வேறு சீட்டுக்குப் போனாளாம், ஒட்டிக்கொள்ளும் என்று. உண்மையில் பயப்பட வேண்டியவள் என் மகள்.

நர்ஸ் வருவது ஏன் நின்றது என்பது மண்டபத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. விழா தொடங்கும் முன் அட்டைக்காரப் பெண் என்னிடம் வந்தாள். சின்ன வயது, சென்னைப் பேச்சு. குழந்தையைத் தொடும் முன் கையில் மருந்து தடவிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

"அப்பாவும் சொல்லணும் சார். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா சமாளிக்க முடியும்னு எவ்ளோ நம்பிக்கை இருக்கு? ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும்."

"அந்நேரம் பாண்டிக்கு பஸ் இருக்குமா?"

"சார்?"

"பஸ் இருந்தா அஞ்சு. இல்லன்னா ஒண்ணு."

"பஸ் இதுல வராது சார். உங்க மனசுல இருக்கறத மட்டும் சொல்லுங்க."

மனதில் இருந்ததைச் சொன்னால் அவள் ஓடிப்போயிருப்பாள். எல்லாவற்றுக்கும் அழுகிற முகத்தையே தொட்டேன். அவள் முகம் உண்மையாகவே வாடியது. அப்பாவுக்குத்தான் உதவி தேவை, ஓமான் போன பிறகும் போனில் கவுன்சிலிங் கொடுக்கலாம் என்றாள். பிள்ளையைத் தூக்கிக் கழுவி ஊட்டாத எனக்கு ஆறுதல் சொல்ல ஆள். எல்லாம் செய்கிற அமுதாவுக்கு யாருமில்லை.

வெண்ணிலாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். ஸ்பீக்கர் வெளியிலும் கட்டியிருந்தார்கள். அமைப்பின் செயலாளர், வெள்ளைச் சட்டைக்காரர், முழு மதிப்பெண் வாங்கிய தாய் என்று அமுதாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். இவ்வளவு தன்னம்பிக்கை எப்படி வந்தது, இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார். மைக் கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு அமுதாவின் குரல்.

"நான் பொய் சொன்னேங்க. புள்ளய வுட மாட்டாங்கன்னு பயந்து சொன்னேன். என்னால முடியல. அந்த நர்சம்மாவ திருப்பி அனுப்புங்க."

"எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்றார் செயலாளர். மண்டபமே கைதட்டியது.

"அம்மா இன்னாத்துக்கு அழுவுது நைனா?"

"அழுவல. மைக்குல அப்படித்தான் கேக்கும்."

கைதட்டல் நிற்கவேயில்லை. என் வாழ்க்கையில் சாக்கடையில் இறங்கி வேலை பார்த்திருக்கிறேன். அந்தக் கைதட்டலைப்போல எதுவும் நாறியதில்லை. செயலாளர் மேடையை விட்டு இறங்கியதும் போய்க் கேட்டேன். ஒரே ஒரு நர்ஸ்தான் இருக்கிறார், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் நம்பிக்கையில் குறைவாக எடுத்திருந்தால்தான் அனுப்ப முடியும் என்றார். "உங்க மிசஸ் ஃபுல் ஸ்கோர் சார். பெருமைப்படுங்க."

"அளந்தது தப்பு. இப்பவே திருப்பி அளங்க."

"அடுத்த அளவு ஆறு மாசம் கழிச்சுதான். சாப்பிட்டுப் போங்க."

பக்கத்தில் நின்ற அட்டைக்காரப் பெண் தரையைப் பார்த்தாள். அமுதா மேடைப் படியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

இப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்தோம். பஸ் உரசிப் போன பிறகு ஒருவழியாகக் கடந்தோம். கோட்டை மலைப் பாறைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மகள் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

"எப்ப ஃப்ளைட்டு?" என்றாள் அமுதா, தெரிந்துகொண்டே.

"போவல."

"சோத்துக்கு?"

"மல்லாட்டை மண்டியில மூட்ட தூக்க ஆள் தேடறாங்களாம். காலையில போயி கேக்கறேன். வாரா வாரம் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பஸ்ஸுல புள்ளைக்கு நடுவுல எடம் கெடைக்கும்."

 கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள். "எந்த வேலையிலயும் நிக்காத ஆளு நீங்க. எந்த ஊர்லயும் நிக்கல. இதுல நிப்பீங்களா? ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் சொல்லுங்க பாப்போம்."

யோசித்துப் பார்த்தேன். அவளிடம் பச்சையை அமுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ரெண்டு."

அமுதா சிரித்துவிட்டாள். நான் வந்து இறங்கியதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "போதும்" என்றாள். "நீங்களாவது நெசத்த சொன்னீங்க. நடங்க, புள்ளைக்கு வெயில் ஏறுது."

மறுநாள் காலை மண்டிக்குப் போனேன். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மண்டி வாசலிலேயே அதன் புழுதி தொண்டையில் ஒட்டியது. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாரின்காரன் மூட்ட தூக்குவியா? முதுகு புடிச்சிக்கிட்டா உன் பொண்டாட்டி வந்து என்னத்தான் திட்டும்."

"அங்க மட்டும் இன்னா கலெக்டர் வேலையா பாத்தேன்?"

"இந்தி வருமா?"

"வரும்."

"அப்ப வா. பீகார் பசங்க இருக்கானுங்க, நான் ஒண்ணு சொன்னா அவனுங்க ஒண்ணு செய்றானுங்க. நீ அவனுங்களோட நில்லு."

வாரத்தில் ஒரு நாள் பாண்டிச்சேரி போக வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். இப்படி, பிறந்த ஊரில் எனக்குக் கிடைத்த வேலை வெளியூர்க்காரர்களின் வரிசையில். முதல் லாரி நிறைந்ததும் அவர்களோடு நிழலில் உட்கார்ந்தேன். என் வயதை ஒத்த ஒருவன் எந்த ஊர் என்று இந்தியில் கேட்டான். இதே ஊர்தான் என்று சிங்கவரம் பக்கம் கையைக் காட்டினேன். தங்கியிருக்கிற இடத்தைக் கேட்கவில்லை, சொந்த ஊரை, மனைவி மக்கள் இருக்கிற ஊரைக் கேட்கிறேன் என்றான். அதுவும் அங்கேதான் என்றேன். அவன் நம்பவில்லை. சொல்ல விருப்பமில்லாதவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, தன் உள்ளங்கையில் கசக்கிய புகையிலையில் பாதியை எனக்குத் தந்தான்.

"ஃபிகர் மத் கரோ, பாயி" என்றான். கவலைப்படாதே சகோதரா என்று அர்த்தம். கொஞ்ச நாளில் இந்த ஊர் பழகிவிடும் என்றும் சொன்னான்.

அடுத்த லாரி பின்னால் வந்து நின்றது. எழுந்து அவன் தூக்கிவிட்ட மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.