சாமையின் தாடை

அத்தாயி வளர்த்த நாயின் பெயர் சாமை. சாமையரிசி நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். சேந்தமங்கலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் ஆயாவாக இருந்துவிட்டு, மலைமேல் தேவனூர் நாட்டில் தன் மரவள்ளிக் காட்டுக்கே திரும்பியவள் அத்தாயி. பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சுக்கு இருந்தது அந்த நாய்தான்.

தொண்ணூற்றொன்பதில், ஊர் நோம்பித் திருவிழா முடிந்த மூன்றாம் நாள், சாமை வாயைத் திறந்தபடி வந்து நின்றது. எச்சில் நூலாக வடிந்தது. சோற்றை முகர்ந்து விலகியது; தண்ணீரில் வாய் வைத்ததும் உடம்பு உதறியது.

செவ்வாய்க்கிழமைகளில் ஜீப்பில் வரும் கால்நடை டாக்டரிடம் கயிற்றில் பிடித்துப் போனாள். சின்ன வயதுக்காரர். பத்தடி தள்ளி நின்றே பார்த்தார்.

“வெறிநோய்ங்கம்மா. கட்டிப் போட்டிருங்க. வாய்கிட்ட கையைக் கொண்டு போயிராதீங்க.”

“யாரையும் கடிக்கலீங்களே.”

“இனிமே கடிக்குமுங்க.”

அத்தாயி நாயோடு திரும்பினாள். நாய்க்கடிபட்ட ஒருவர் தண்ணீர் டம்ளரைக் கண்டு சுவரோடு ஒடுங்கியதை ஆஸ்பத்திரியில் பார்த்தவள் அவள். தவிர, டாக்டர் சொன்னால் சொன்னதுதான் என்பது இருபத்தாறு வருடப் பழக்கம்.

பலாமரத்தடியில் கட்டினாள். அந்த வாரம் முழுக்க மேகம் காட்டைவிட்டு நகரவில்லை. மரம் தெரியும், சற்றுப் பொறுத்து இராது. கயிறு மட்டும் வெள்ளைக்குள் நீண்டு எங்கோ முடிந்தது. இலைகள் சொட்டும் சத்தத்துக்கு நடுவே நாயின் மூச்சு காதோரமாகவே கேட்டது. பகலா சாயங்காலமா என்று பிடிபடாத நேரங்களில் குச்சியால் தண்ணீர்ச் சட்டியைத் தள்ளிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். எங்கோ வால் மண்ணைத் தட்டும். வெறி பிடித்தது வாலாட்டுமா என்று ஒரு நினைப்பு வரும். மேகத்தோடு அதுவும் கலைந்துவிடும்.

பக்கத்துக் காட்டு மாதம்மாள் வேலிக்கு அப்பாலேயே நின்றாள்.

“ஏனக்கா, ஊருக்கெல்லாம் வைத்தியஞ் சொல்லுவ. உன்ற நாய்க்கு ஒண்ணுந் தோணலியா?”

“டாக்டரு சொல்லியாச்சு. நீ போயி உன்ற மிளகுக் கொடியப் பாரு.”

திங்கட்கிழமை காலையில் சத்தம் எதுவும் இல்லை. போய்ப் பார்த்தாள். உயிர் போயிருந்தது, உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

இறந்தவர்களின் தாடையைத் துணியால் கட்டி மூடுவது ஆஸ்பத்திரியில் அவள் வேலை. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, யோசிக்காமலே சாமையின் தாடையையும் மூடப் போனாள். ஏதோ தடுத்தது; மூட முடியவில்லை. அகலத் திறந்தாள். மேலண்ணத்தில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் குறுக்கே, ஓர் ஆட்டெலும்பு சிக்கியிருந்தது. நோம்பிக் கறியில் யாரோ வீசியது. விரலால் நெம்பினாள். உடனே வந்துவிட்டது.

மறுநாள் ஜீப் நின்ற இடத்தில் டாக்டரின் மேஜைமேல் அதை வைத்தாள். அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“பயந்துட்டனுங்கம்மா. கிட்ட வந்து பாத்திருக்கணும்.”

“நீங்க ஒரு நாளு பாக்கல சாமி. நான் ஆறு நாளு எதுத்தாப்புலயே உக்காந்துட்டுப் பாக்கல.”

அவள் குரல் உயரவில்லை. மேகம் மேஜைவரை வந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒருவர், இரை எடுக்காத ஆட்டோடு முன்னே வந்தார். டாக்டர் அத்தாயியைப் பார்த்தார். அவள் புறப்படவில்லை. குனிந்து ஆட்டின் தாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

“டார்ச்ச அடிங்க சாமி. நல்லா உள்ள வரைக்கும் பாருங்க.”