பழியெல்லாம் பனிக்கு

பற்றரிக் கடைக்காரரை ஒருவரும் சிரித்த முகத்தோடு கூப்பிடுவதில்லை. கார் ஒழுங்காக ஓடும்வரை எங்கள் நினைப்பே ஒருவருக்கும் வராது. மார்கழி பிறந்ததும் காலமை ஆறு மணிக்கே ரெலிபோன் அடிக்கும். எடுத்தால் வணக்கமும் இல்லை, சுகம் கேட்பதும் இல்லை. “டிக் டிக் எண்டுது, எடுக்குதில்லை.” அவ்வளவுதான். கார்த் திறப்பைத் திருப்பிவிட்டு அந்த ‘டிக் டிக்’கைக் கேட்டு நெஞ்சு பதைத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நீங்களும் அடுத்த நிமிடம் முற்றத்துப் புல்லைப் பார்த்துவிட்டு, “பனி” என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

எங்கள் கடை சுன்னாகத்துக்குக் கிட்ட. பற்றரி விற்போம், இறங்கினதுக்கு சார்ஜ் ஏற்றுவோம், படுத்த வாகனத்தை வீடு தேடிப் போய் எழுப்புவோம். ‘நாங்கள்’ என்று சொன்னாலும் போன கார்த்திகைவரை அது என் மனிசன் சுதன் மட்டும்தான். நான் ரெலிபோன் எடுக்கிற ஆள். கார்த்திகை மழையில் இவர் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆறு கிழமைக்கு மாவுக்கட்டு. கடையைத் தை வரைக்கும் பூட்டுவோம் என்றார். வருசத்தில் எங்களுக்கு உருப்படியாக வேலை வருவதே மார்கழியில்தான். சந்தியில் புதுக்கடை ஒன்றும் வந்திருக்கிறது. ஒருமுறை அங்கே போன ஆள் திரும்பி எங்கள் படி ஏறுமோ? நான் மயிலிட்டித் துறைமுகத்துப் பிள்ளை. அப்பாவின் மீன்பிடிப் போட்டில் இருந்த பற்றரியை உப்புப் பிடிக்கவிடாமல் துடைத்துத் துடைத்து வைத்தவள். அதைச் சொன்னேன். இவர் முகட்டைப் பார்த்து யோசித்துவிட்டு, “சரி, திறவும். ஆனால் ஒரு ஆள் குறை சொல்லிக் கோல் எடுத்தாலும் அண்டைக்கே பூட்டு” என்றார்.

பதிலுக்கு நானும் ஒன்று கேட்டேன். எங்கள் மகள் ஆரணிக்கு நாலு வயசு. காலமை தலை இழுத்து இரட்டைப் பின்னல் போடாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. நான் வெளியில் ஓடினால் அந்த வேலை கட்டிலில் இருக்கிற ஆளுடையது. முறிந்தது கால்தானே, கை இல்லையே.

கேத்தில் தண்ணீர்

முதல் கோல் வெங்காயம் ஏற்றுகிற ஒரு வான்காரரிடமிருந்து வந்தது. மூட்டை எல்லாம் ஏற்றியாயிற்று, சந்தைக்கு நேரமாகிறது, வான் அசையவில்லை. ஸ்கூட்டியின் கால் வைக்கிற இடத்தில் சார்ஜ் ஏற்றின பற்றரியை வைத்துக்கொண்டு போய் இறங்கினேன். “அவர் வரேல்லையோ?” என்று அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், இவர் மாவுக்கட்டோடு ஸ்கூட்டிக்குப் பின்னால் ஓடி வருகிறமாதிரி. பிறகு, பனிதான் காரணம் என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

பொனற்றைத் தூக்கினால் பற்றரியின் முனையில் கல்லுப்புக் கொட்டினமாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. வயரைத் தொட்டால் ஆடுகிறது. பனிக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. வயரைக் கழற்றிவிட்டு, அவருடைய மனைவி தேத்தண்ணிக்குக் கொதிக்க வைத்திருந்த கேத்திலை வாங்கி மெல்ல ஊற்றினேன். பூத்ததெல்லாம் கரைந்து ஓடியது. துடைத்து, இறுக்கி, கிறீஸ் கொஞ்சம் பூசி, நான் கொண்டுபோன பற்றரியில் தொடுத்து, திருப்பச் சொன்னேன். ஒரே தரத்தில் எடுத்தது. அதற்குள் வான்காரர் எங்கள் வீட்டுக்குக் கோல் எடுத்து, நான் செய்வதை ஒவ்வொன்றாக இவருக்கு கிரிக்கெற் வர்ணனைமாதிரிச் சொல்லிக்கொண்டு நின்றார். முதல் நாளே பூட்டுத்தானோ என்று நான் கிறீஸ் கையைத் துடைத்துக்கொண்டே காது கொடுத்தேன். அவர் கடைசியாகச் சொன்னது இது:

“வான் எடுத்திட்டுது தம்பி, குறை ஒண்டும் இல்லை. என்ரை தேத்தண்ணியை வான் குடிச்சிட்டுது, அவ்வளவுதான்.”

போர்வை

பண்டத்தரிப்பில் ஒரு வாத்தியார். அவருடைய கார் மூன்று நாளாக ஒவ்வொரு காலமையும் படுத்துவிட்டது. போய்ப் பார்த்தால் வாத்தியார் காதை மூடித் தொப்பி போட்டிருக்கிறார். காருக்கு மொத்தமான கம்பளிப் போர்வை. பொனற்றில் தொடங்கி, கூரை வழியாக இழுத்து, காற்றுக்குப் பறக்காமல் நுனியை டிக்கிக்குள் வைத்து மூடியிருந்தார். கனடாவில் இருக்கிற தமையன் இரவில் காருக்கு வயர் செருகிச் சூடு கொடுப்பாராம். எங்களிடம் அந்த வசதி இல்லை, அதனால் போர்வை. நல்ல யோசனைதான். ஆனால் அங்கே வாளித் தண்ணீர் கல்லாகிற குளிர். இங்கே எங்கள் பனிக்கு வாழைக்குட்டியே வாடாது.

போர்வையின் நுனி இடையில் நின்றதால் டிக்கி முழுதாகப் பூட்டுப்படவில்லை. உள்ளே இருக்கிற சின்ன லைற் விடிய விடிய எரிந்திருக்கிறது. முதல் நாள் எதனாலோ தகராறு பண்ணின கார், குளிர் என்று நினைத்துப் போர்த்தப் போர்த்த, அடுத்தடுத்த நாள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வாத்தியாரைக் குனியச் சொல்லி, இடுக்கு வழியாக அந்த வெளிச்சத்தைக் காட்டினேன். பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்:

“அண்ணைக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி. போர்வையும் அவர் அனுப்பினதுதான்.”

கண் மூடாத பிள்ளையார்

வாடகைக் கார் ஓட்டுகிற ஒரு அண்ணை முன் கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார் வைத்து, சுற்றிவர மின்னுகிற லைற் மாலை போட்டிருந்தார். மழையால் நாலு நாள் ஓட்டம் இல்லை. கார் நின்றது, பிள்ளையார் நிற்கவில்லை. நாலு நாளும் இரவு பகலாக மின்னிக்கொண்டே இருந்திருக்கிறார். இதை நிற்பாட்டிவிட்டுப் படுங்கள் அண்ணை என்றேன். சாமியை நான் எப்படி அணைக்கிறது என்று அவர் முகம் சுருங்கிவிட்டது. அது நியாயம்தான். அந்த வயரைக் கழற்றி, திறப்பு போட்டால் மட்டும் எரிகிறமாதிரி மாற்றித் தொடுத்துக் கொடுத்தேன். இப்போது அணைக்கிற பாவம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. திறப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அப்ப இனி நான் எழும்பேக்கைதான் அவரும் எழும்புவார். இவ்வளவு நாளும் அவரும் நித்திரை இல்லாமல்தானே இருந்திருக்கிறார்.”

ஒரு நிமிச ஓவசியர்

இரண்டு கிழமை குறை இல்லாமல் போயிற்று. மூன்றாம் கிழமை, புதன்கிழமை, கார் எடுக்குதில்லை என்று ஓவசியர் ஐயா கூப்பிட்டார். றோட்டுப் போடுகிற வேலையை மேற்பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எங்கள் ஒழுங்கையில் குழி விழுந்தால் அவருக்குத்தான் முதலில் கோபம் வரும். போர்ட்டிக்கோவில் லண்டன் மகனுடைய கார். மகன் ஆடி மாதம் லீவில் வந்தால் ஓடுவார். மற்ற நேரம் ஓவசியர் ஐயா அதைப் பூப்போலப் பார்க்கிறார். ஒவ்வொரு நாளும் தேவாரம் படித்து, திருநீறு பூசி, கைமணிக்கூட்டைப் பார்த்து, சரியாக ஒரு நிமிடம் ஸ்ராட் பண்ணிவிட்டு நிற்பாட்டுவார். வாசலுக்கு வெளியே கார் போனதே இல்லை. மகனின் கார் தேயக்கூடாதாம்.

ஸ்ராட் பண்ணுகிற அந்த ஒரு கணத்தில் பற்றரியிலிருந்து போவது கனக்க. ஒரு நிமிட ஓட்டத்தில் திரும்பி வருவது எச்சில் அளவு. ஒவ்வொரு நாளும் பானையிலிருந்து கொத்துக் கணக்கில் அரிசியை எடுத்துவிட்டு ஒரு பிடியைத் திருப்பிப் போட்டால் பானை என்னவாகும்? அதைத்தான் சொன்னேன். பற்றரி நல்லது, வாங்கி ஒரு வருசம்கூட ஆகவில்லை, கடைக்குக் கொண்டுபோய் முழுதாக சார்ஜ் ஏற்றித் தருகிறேன், நாளுக்கு அரை மணித்தியாலம் ஓடுங்கள் ஐயா என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பனிக்குத் தாங்கக்கூடிய புதுப் பற்றரிதான் வேண்டும் என்று நின்றார். வேண்டாத சாமானை விற்க எனக்கு மனம் வரவில்லை. பின்னேரம் சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோய்க் காரில் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர் ரெலிபோனைக் காதிலிருந்து தூரத்தில் பிடித்துக்கொண்டு இருக்கிறார். அப்படியும் குரல் வாசல்வரை கேட்டது:

“உங்கடை கடை பற்றரி விக்கிற கடையோ, விக்காத கடையோ தம்பி?”

பொம்மைச் சட்டை

அது குறைதான் என்று இவர் சொன்னார். இல்லை, அது கேள்வி என்று நான் சொன்னேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். திங்கட்கிழமை காலமை நான் ஓவசியர் வீட்டுக்குப் போகவேணும், போய் ரெலிபோனைப் பிடிக்கவேணும், கார் எடுக்கிற சத்தம் இவருக்குக் கேட்கவேணும். கேட்காவிட்டால் கடை பூட்டு. அந்த நாலு நாளும் நான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை.

கஷ்டகாலத்துக்கு இடையில் வெள்ளிக்கிழமை மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து கோல். மீன் ஏற்றுகிற சின்ன லொறி. விடியற்புறம் மூடுபனிக்கு லைற் போட்டு வந்த சாரதி, அதை அணைக்க மறந்து மீன் ஏற்றியிருக்கிறார். இந்த ஒருமுறை மட்டும் பனிக்கும் குற்றத்தில் பங்கு இருந்தது. ஓடிப்போய்ப் பையைத் திறந்தால், இரண்டு பற்றரியையும் தொடுக்கிற வயர் இல்லை. அது எங்கே போனது என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும்: யன்னலின் ஒரு கம்பியிலிருந்து மற்றக் கம்பிக்கு அதைக் கட்டி, சிவப்புக் கவ்வியில் ஒரு சட்டை, கறுப்புக் கவ்வியில் ஒரு சட்டை என்று ஆரணி பொம்மைக்கு உடுப்புக் காயப்போட்டிருந்தாள். இவர் காலமை முழுக்க அதற்கு நேரே பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

துறையில் என்னைக் குழந்தையிலிருந்து தெரிந்தவர்கள்தான் நின்றார்கள். ஐஸ் உருகமுதல் எட்டுப் பேர் சேர்ந்து லொறியைத் தள்ளினார்கள், நானும் தள்ளினேன். அரைக் கட்டைத் தூரம் போனபிறகுதான் எடுத்தது. இந்தக் கதை எங்கள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று கெஞ்சினேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு சித்தப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை:

“கடை வந்துது, பற்றரி வந்துது, வயர் மட்டும் வரேல்லை. உன்ரை மனிசனுக்குச் சொல்லமாட்டம் பிள்ளை, உன்ரை அப்பருக்குத்தான் சொல்லுவம்.”

திங்கட்கிழமை

ஏழு மணிக்கு ஓவசியர் வீட்டு வாசலில் நிற்கிறேன். கேற் விரியத் திறந்து கிடக்கிறது. போர்ட்டிக்கோ வெறுமை. “சத்தம் ஒண்டும் கேக்கேல்லையே” என்கிறார் இவர் ரெலிபோனில். கேட்க அங்கே காரே இல்லை. சந்திக் கடைக்காரர் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். கடைக் கதவின் பெரிய பூட்டை எங்கே வைத்தேன் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போது ஒழுங்கை முடக்கில் ஹோர்ன் அடித்தது. பின்னால் இரண்டு சைக்கிள் முந்திப் போக வழி கேட்டுக்கொண்டு வர, கார் ஊர்ந்து வந்தது. ஓவசியர் ஐயா நெஞ்சு ஸ்ரேறிங்கில் முட்டுகிற அளவுக்கு முன்னால் இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி, பட்டுக்கரைச் சேலையும் தலையில் பூவுமாக, மடியில் அர்ச்சனைத் தட்டோடு. கீரிமலைக்குப் போய் வருகிறார்களாம். நேற்றுப் பண்டத்தரிப்பில் தங்கச்சி வீடு. முந்தநாள் ‘சும்மா ஒரு சுற்று’. ஐயா என்னைப் பார்த்துக் குறையும் சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. காரை நிற்பாட்டினார். என் கையில் இருந்த ரெலிபோனைப் பார்த்தார். திரும்பவும் ஸ்ராட் பண்ணினார். ஒரே தரம். அந்தச் சத்தம் இவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். ஐயா கைமணிக்கூட்டைப் பார்த்து, “முப்பத்தி மூண்டு நிமிசம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பக்கத்தில் இருந்த அம்மா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, கையைக் காட்டி என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“நாப்பது வருசத்திலை இந்த மனிசன் என்னைக் கூட்டிக்கொண்டு உலாத்த வெளிக்கிட்டது இப்பதான். பற்றரி சுகமாயிட்டுது எண்டு மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை.”

இப்போது தை பிறந்து, இவருடைய கட்டும் வெட்டியாயிற்று, ஆனாலும் காலமை கோல் வந்தால் ஸ்கூட்டியில் ஏறி ஓடுவது நான்தான். கையும் காலும் நல்ல சுகமாக வீட்டில் நிற்கிற மனிசனிடம் ஆரணியின் இடப்பக்கப் பின்னல் ஏன் இன்னும் கோணலாக இருக்கிறது என்று கேட்டால், பனி என்கிறார்.