இலைக்குச் சொல்லாத வேட்பாளர்

முப்பது வருடமாக அரசியல் செய்தி எழுதுகிறவன் நான். வாக்கு எண்ணிக்கைக்கு முந்தின நாள், குற்றால விடுதியில் ஒரு வேட்பாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெற்றி உறுதி" என்றார். அதையே எழுதி அனுப்பிவிட்டு, வீட்டு விசேஷத்துக்கு வாழையிலை வாங்கப் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனேன். இலைக்கடை அண்ணாச்சியிடம், "நாளைக்கு அவருதான்" என்று பீற்றிக்கொண்டேன்.

அண்ணாச்சி இலைக்கட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அவரு தோத்துருவாரு. எதிராளி ஆளுக விருந்துக்கு நேத்தே இலைக்குச் சொல்லிட்டாவ. இவரு வீட்டுலருந்து ஒருத்தரும் வரலியே."

மறுநாள் அப்படியே நடந்தது. மலைத்துப்போனேன். எந்தத் தலைவரையும் பார்க்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு தொகுதியைப் படித்துவிட்டாரே மனுஷர்!

நானோ வேட்பாளரின் கையையே பிடித்திருந்தேன். அந்தச் சாரல் காற்றிலும் அது வியர்த்திருந்தது.